முதல் சொல்லுக்கு முன்பே தொடங்கும் உரையாடல்

ஹெலன் கெல்லரின் வாழ்க்கையில் நம் எல்லோருக்கும் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில், 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஏழு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தச் சிறுமியின் ஒரு கையில் அடிகுழாயின் நீர் பாய்ந்துகொண்டிருந்தது. மறு கையில் ஆசிரியை ஆன் சல்லிவன் தண்ணீரைக் குறிக்கும் சொல்லை எழுத்தெழுத்தாக விரல்களால் உணர்த்தினார். பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அப்போது அவளுக்குச் சட்டென்று விளங்கியது. உண்மையில் நடந்த நிகழ்ச்சிதான் அது. ஆனால், பார்வையும் செவித்திறனும் ஒருங்கே குறைந்த குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருபவள் என்ற முறையில், அந்த ஒரு காட்சியின் புகழ் எத்தனையோ பெற்றோரைத் தவறான இடத்தில் காத்திருக்க வைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் முதல் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்குள், குழந்தை தன் உடலால் சொல்லிக்கொண்டிருக்கும் எத்தனையோ செய்திகள் வாங்கிக்கொள்ள ஆளின்றிக் கழிந்துபோகின்றன.

ஹெலனின் கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பிறந்த 19ஆம் மாதத்தில் வந்த நோயால் பார்வையையும் செவியையும் இழந்த அவள், சல்லிவன் வருவதற்கு வெகு முன்பே வீட்டாருடன் தன் வழியில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். தலையை இருபுறமும் அசைத்தால் 'இல்லை', மேலும் கீழும் ஆட்டினால் 'ஆம்'. பிடித்து இழுத்தால் 'வா', தள்ளினால் 'போ'. ரொட்டி வேண்டுமானால், துண்டு போட்டு வெண்ணெய் தடவுவதுபோலக் கைகளை அசைப்பாள். ஐஸ்கிரீம் வேண்டுமானால், அதைச் செய்யும் கருவியைச் சுழற்றுவதுபோலக் காட்டிவிட்டுக் குளிரில் நடுங்குவதுபோல் உடலைச் சிலிர்த்துக்கொள்வாள். இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட சைகைகள் அவளிடம் இருந்ததாக ஹெலனின் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அவற்றை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருத்தி, அவ்வீட்டுச் சமையல்காரரின் மகளான மார்த்தா வாஷிங்டன் என்ற சிறுமி. 1887 மார்ச் 3ஆம் நாள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த சல்லிவன் சந்தித்தது, சொல்வதற்கு நிறைய வைத்துக்கொண்டு, அதற்குப் போதுமான வழி கிடைக்காமல் கொதித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையை.

குழாயடி நிகழ்ச்சிக்குப் பின்னர் நடந்ததுதான் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இன்னும் பெரிய பாடம். சல்லிவன் ஹெலனின் உறவினரான, 15 மாதமே ஆன ஒரு குழந்தையைக் கவனித்தார். அக்குழந்தைக்கு யாரும் மேசைபோட்டுச் சொல் சொல்லாகப் பாடம் நடத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே இருந்தார்கள், அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அப்படியானால் மற்றவர்கள் குழந்தையின் காதில் பேசுவதைப்போல, தானும் ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகவே பேசிக்கொண்டிருப்பது என்று அவர் முடிவுசெய்தார். குறித்த நேரத்தில் நடந்த பாட வகுப்புகளைக் கைவிட்டார். கற்பித்தல் வரலாற்றில் மிகத் துணிவான முடிவுகளில் ஒன்று இது என்பது என் கருத்து. காட்சியாக எடுத்துக்காட்ட எளிதாக இல்லாததால்தான் இதற்குக் குழாயடியின் புகழ் வாய்க்கவில்லை போலும்.

என்னிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோரின் நிலைமை ஹெலனுடையதைவிடக் கடினமானது. ஹெலனுக்கு 19 மாதங்களாவது ஒளியும் ஒலியும் கிடைத்தன. மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்ற அறிவு, நினைவில் நில்லாமற் போயிருந்தாலும், உடலில் எங்கோ தங்கியிருந்திருக்கும். பிறவியிலேயே இவ்விரண்டும் குறைந்த குழந்தைக்கு அந்த முதலீடு கிடையாது. ஒரு காலத்தில் கருவுற்ற தாய்க்கு ஏற்படும் ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தொற்று இதற்கு முதன்மையான காரணமாக இருந்தது. 1964–65இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் மட்டும் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்புடன் பிறந்தார்கள். 1969இல் தடுப்பூசி வந்தபின், அது ஒழுங்காகப் போடப்படும் நாடுகளில் அந்தக் காரணம் அருகிவிட்டது. இப்போது குறைமாதப் பிறப்பும், பல உறுப்புகளை ஒருங்கே பாதிக்கும் சார்ஜ் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் காரணங்களும் முன்னுக்கு வந்திருக்கின்றன. சார்ஜ் சிண்ட்ரோமுக்குப் பெரும்பாலும் காரணமான சிஎச்டி7 என்ற மரபணு 2004இல் கண்டறியப்பட்டது. இரு புலன்களும் முற்றிலுமாக இல்லாத குழந்தைகள் சிலர்தாம். மற்றவர்களுக்குச் சிறிது வெளிச்சமோ, நிழலசைவோ, சில ஒலிகளோ எட்டும். ஆனால் ஒரு புலனின் குறையை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாதபோது, இரண்டையும் கூட்டினால் வரும் தொகையைவிடப் பெரிய தடை உருவாகிவிடுகிறது.

அந்தத் தடையை விளக்கும்போது 'இருட்டு', 'அமைதி' என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பார்க்கவும் கேட்கவும் முடிகிற குழந்தைக்கு எந்த நிகழ்ச்சியும் முன்னறிவிப்போடுதான் வருகிறது. அம்மா வரும் காலடி ஓசை, பாத்திரத்தின் சத்தம், கிண்ணம், கரண்டி, பிறகுதான் வாயில் உணவு. இரு புலன்களும் எட்டாத குழந்தைக்கோ திடீரென்று வாயில் ஏதோ திணிக்கப்படுகிறது. திடீரென்று உடல் மேலே தூக்கப்படுகிறது. திடீரென்று ஆடை உருவப்படுகிறது. பொருள்கள் எங்கிருந்தோ தோன்றி எங்கோ மறைகின்றன. தூக்கியவர் யார், ஏன் தூக்கினார், எப்போது இறக்கிவிடுவார் என்பது எதுவும் தெரியாது. இத்தகைய உலகத்தில் வாழும் குழந்தை உடலைச் சுருட்டிக்கொண்டு தனக்குள் ஆடிக்கொண்டிருந்தால், அதை அறிவுக்குறைவு என்று முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை எண்ணிப்பாருங்கள். அந்த முத்திரை இன்றும் குத்தப்படுகிறது. மருத்துவ அறிக்கைகளிலேயே நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சொற்களுக்கெல்லாம் முன்பாகச் செய்யவேண்டியது, உலகத்தை முன்னறிவிப்போடு வரவைப்பது. குழந்தையை அணுகுமுன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், தோளிலோ முழங்கையிலோ, மென்மையாகக் கைவைத்துச் சற்று நிறுத்தவேண்டும். பின்னர் நான் யார் என்று சொல்லவேண்டும். என் கைக்கடிகாரத்தின் தடித்த தோல்பட்டைதான் என் பெயர். குழந்தையின் விரல்கள் அதைத் தடவியபின்தான் நான் அடுத்ததைச் செய்வேன். வேறோர் ஆசிரியருக்குச் சுருள்முடி பெயர், குழந்தையின் தந்தைக்குத் தாடி. தூக்குமுன் அக்குளில் இருமுறை மெல்ல அழுத்தினால் 'தூக்கப்போகிறேன்'. ஆடை மாற்றுமுன் அந்த ஆடையின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் 'இதைக் கழற்றப்போகிறேன்'. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐவரும் ஒரே மாதிரி செய்யவேண்டும். இது எளிதாகத் தோன்றும். ஆனால் அவசரமான ஒரு காலைப்பொழுதில் இதை விடாமல் கடைப்பிடிப்பதுதான் குடும்பத்தினருக்கு மிகக் கடினமான பயிற்சி.

இதற்கு அடுத்த படியை உலகுக்கு முறையாக எடுத்துச்சொன்னவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் வான் டைக். ருபெல்லாவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுடன் சின்ட்-மிக்கீல்ஸ்கெஸ்டல் என்ற ஊரின் பள்ளியில் 1950களின் இறுதியிலிருந்து பணியாற்றியவர் அவர். குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதில் நாமும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய வழிமுறையின் அடிப்படை. குழந்தை முன்னும் பின்னும் ஆடினால், அதை நிறுத்தச்செய்ய முயலாமல், உடலோடு உடல் ஒட்டி நாமும் சேர்ந்து ஆடவேண்டும். பின்னர் நாம் நிறுத்தவேண்டும். நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

அந்தக் காத்திருத்தலை என் மாணவி ஒருத்தியைக் கொண்டு விவரிக்கிறேன். ஐந்து வயதில் வந்தாள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மட்டும் பார்வை. செவித்துணைக் கருவியால் பயனில்லை. தொட்டாலே கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். தரையில் அமர்ந்து, அவள் முதுகு என் மார்பில் சாயும்படி அவளை உட்காரவைத்து, அவள் ஆடும் தாளத்திலேயே நானும் ஆடினேன். பிறகு நின்றேன். தொடக்கத்தில் அவள் தனியாகவே ஆட்டத்தைத் தொடர்ந்தாள். நான் மீண்டும் சேர்ந்துகொண்டேன். பல நாள்கள் இப்படியே சென்றன. பின்னர் ஒருநாள் நான் நிறுத்தியபோது அவளும் நின்றாள். முதுகுத்தண்டு விறைத்தது. மூச்சு ஒரு கணம் நின்றது. நெடுநேரத்திற்குப் பின், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு மிகச் சிறிதாக, அவள் முதுகு என் மார்பைப் பின்னோக்கித் தள்ளியது. நான் உடனே ஆடினேன். மறுபடி நிறுத்தினேன். இம்முறை அழுத்தம் சற்று விரைவாக வந்தது. சற்று வலுவாகவும் இருந்தது.

அந்த அழுத்தத்திற்கு 'இன்னும்' என்று பொருள். மொழியியல் நூல்களில் அது சொல்லாகாது. ஆனால் ஒரு மனிதர் மற்றொரு மனிதரை நோக்கி, ஒரு விளைவை எதிர்பார்த்து, வேண்டுமென்றே அனுப்பிய செய்தி அது. தான் ஒன்று செய்தால் உலகம் பதில் தரும் என்று அக்குழந்தை கண்டுகொண்ட இடம் அதுதான். இதற்குமேல் வரும் சைகை, பிரெய்ல், விரலெழுத்து எல்லாமே இந்த நம்பிக்கையின்மேல் எழுப்பப்படுபவை. இந்த நம்பிக்கை பிறக்காத குழந்தையின் கையில் ஆயிரம் முறை எழுத்துகளை அழுத்தினாலும் அது தோலில் பட்ட தொந்தரவாகவே இருக்கும்.

காத்திருப்பதை வேலையாக எண்ணாதவர்கள் இருக்கிறார்கள். வகுப்பைப் பார்வையிட வருபவர் ஒருவர், ஆசிரியர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதாகக் குறித்துக்கொண்டு போவார். தொடுதல்வழி வரும் செய்தி துண்டு துண்டாக வருகிறது. கண்போல ஒரே நோக்கில் முழுவதையும் அள்ளிக்கொள்ள விரல்களால் முடியாது. துண்டுகளைச் சேர்த்துப் பொருள் கண்டு, என்ன பதில் தருவது என்று முடிவெடுத்து, அதற்கேற்ப உடலை இயக்க அந்தக் குழந்தைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்திற்குள் நாம் மீண்டும் தொட்டாலோ, அடுத்ததைத் தொடங்கிவிட்டாலோ, உருவாகிக்கொண்டிருந்த பதில் கலைந்துவிடும். பேசாத குழந்தை என்று சொல்லப்படுபவர்களில் எத்தனை பேர் பேச்சின் நடுவே ஓயாமல் குறுக்கிடப்பட்டவர்கள் என்ற கேள்வி என்னை விடுவதே இல்லை.

கைகளைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து, நாம் விரும்பும் பொருளின்மேல் வைத்து அழுத்திப் 'பார், இதுதான் பந்து' என்று காட்டும் வழக்கம் எல்லா இடங்களிலும் இருக்கிறது, நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இந்தக் குழந்தைக்குக் கைதான் கண், காது, வாய் எல்லாம். பின்னாலிருந்து ஒருவர் உங்கள் தலையைப் பற்றித் திருப்பிப் 'பார்' என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும் அது. என் மாணவி கைகளை மறைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவாகவே இருக்கவேண்டும். நாங்கள் கைக்கொள்வது இதற்கு நேர்மாறான முறை. என் கை அடியில் இருக்கும், அவள் கை அதன்மேல் இருக்கும். நான் பொருளைத் தொடுகிறேன், அவள் விரும்பினால் என் விரல்களின்மேல் ஊர்ந்து, என் கை விளிம்பைத் தாண்டிப் பொருளைத் தொடலாம், விரும்பாவிட்டால் விலகிக்கொள்ளலாம். விலகும் உரிமை இருப்பதால்தான் அவளால் துணிந்து நெருங்க முடிகிறது.

ஒருநாள் அவள் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஒட்டிவைத்து நின்றுகொண்டிருந்தாள். அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது. நான் போய் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். எங்கள் சுண்டுவிரல்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. நான் எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. 'நீ கவனிப்பதை நானும் கவனிக்கிறேன்' என்பது மட்டுமே அந்தச் சுண்டுவிரலின் செய்தி. இயந்திரம் சுழற்சியை முடித்து நின்றதும் அவள் கை திரும்பி, என் கையின்மேல் ஏறி, என் விரல்களைத் தடவியது. அதிர்வு எங்கே என்று என்னிடம் விசாரித்தது அந்தக் கை. பார்வையுள்ள குழந்தை ஒரு பறவையைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதே, அதே செயல்தான் இது. ஒரு பொருளைப் பற்றி இருவர் பேசிக்கொள்ள முடியும் என்ற அறிவு இங்கேதான் தொடங்குகிறது.

மாஸ்கோவுக்கு அருகே, அப்போது சகோர்ஸ்க் எனப்பட்ட ஊரில் 1963இல் இத்தகைய குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய அலெக்சாந்தர் மெஷெர்யகோவும், அவருக்கு முன்பு கார்கிவில் இத்துறையில் உழைத்த இவான் சக்கல்யான்ஸ்கியும் கரண்டியால் உண்ணக் கற்பிப்பதிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினார்கள். முதலில் பெரியவரும் குழந்தையும் சேர்ந்தே கரண்டியைப் பிடிக்கிறார்கள். குழந்தையின் கையில் சொந்த முயற்சியின் முதல் துடிப்பு தெரிந்ததும் பெரியவர் தம் பங்கை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார். குறைக்காவிட்டால் அந்தத் துடிப்பு அணைந்துவிடும். அளவுக்கு மீறி முன்னதாகக் குறைத்துவிட்டால் குழந்தை கைவிட்டுவிடும். எவ்வளவு உதவி போதும் என்பதைக் கையாலேயே அளந்துகொண்டிருக்கும் இந்த நுட்பத்தை நூல் படித்துக் கற்க முடியாது.

செய்தி அனுப்பவும் பெறவும் முடியும் என்று குழந்தைக்கு நம்பிக்கை வந்தபின், இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச வழி வேண்டும். அதற்குப் பொருள்களையே சொற்களாகப் பயன்படுத்துகிறோம். குளியலுக்கு ஒரு துண்டுத் துணி, உணவுக்குக் கரண்டி, ஊஞ்சலுக்கு அதே ஊஞ்சலின் கயிற்றில் வெட்டிய ஒரு துண்டு. இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் பார்வையுள்ளவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காரில் போவதைக் குறிக்க ஒரு பொம்மைக் காரைக் கொடுப்பார்கள். பொம்மைக் கார் காரைப் போல இருப்பது கண்ணுக்குத்தான். விரலுக்கு அது நான்கு சிறு சக்கரங்கள் உள்ள வழவழப்பான ஒரு கட்டி. காருக்குள் உட்கார்ந்த அனுபவத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அக்குழந்தைக்குக் கார் என்பது சீட் பெல்ட்டின் நாடா, அதன் கொக்கி, தொடையில் படும் இருக்கையின் சொரசொரப்பு. ஆகவே சீட் பெல்ட் கொக்கிதான் சொல். குழந்தை உலகத்தை எந்தப் பக்கத்திலிருந்து தொடுகிறது என்று பார்த்தபின்தான் பெயர் வைக்கமுடியும்.

இந்தப் பொருள்களை வரிசையாக அறைகள் பிரித்த ஒரு நீண்ட பெட்டியில் வைக்கிறோம். இடப்பக்கம் முதல் வலப்பக்கம் வரை அன்றைய நாள். ஒரு வேலையைத் தொடங்குமுன் அந்த அறையிலுள்ள பொருளை எடுத்துக்கொண்டு போகவேண்டும். முடிந்ததும் மூடியுள்ள மற்றொரு பெட்டியில் போட்டுவிடவேண்டும். 'அடுத்து', 'பிறகு', 'முடிந்தது' என்னும் காலக் கருத்துகள் இப்படித்தான் கைக்கு எட்டுகின்றன. மழையால் ஊஞ்சல் இல்லை என்றால், கயிற்றுத் துண்டை எடுத்து முடிந்த பெட்டியில் போடுவது போதாது, அது பொய். அதை நாளைக்கான அறைக்கு அவள் கையோடு சேர்ந்து மாற்றிவைக்கவேண்டும். அழுவாள். ஆனால் ஏமாற்றம் வேறு, காரணமே புரியாத இழப்பு வேறு.

முதற்சொல் எதுவாக இருக்கவேண்டும் என்பதிலும் குழந்தையைத்தான் கேட்கவேண்டும். பிரான்சில் 1885இல் பிறந்த மரீ உர்த்தேன் என்ற பெண், பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லாதவள். 1895இல் லார்னே என்ற இடத்திலிருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த சகோதரி சென்ட் மார்க்கெரீத், அவளுக்கு உயிருக்குயிரான பொருள் அவளுடைய சிறு மடக்குக் கத்தி என்பதைக் கண்டுகொண்டார். அதை வாங்கிக்கொண்டு, கத்திக்கான சைகையை அவள் கையில் செய்தார். அவள் அந்தச் சைகையைத் திருப்பிச் செய்தபோது கத்தி அவளிடம் திரும்பி வந்தது. பாடத்திட்டத்தில் எந்த அறிஞரும் 'மடக்குக் கத்தி' என்று முதற்சொல்லை எழுதிவைத்திருக்கமாட்டார். அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதன்மையாக இருந்தது, அதனால் அதுவே வேலை செய்தது. அவளுக்கு அரை நூற்றாண்டு முன்பே, பாஸ்டனின் பெர்கின்ஸ் பள்ளியில், பார்வையையும் செவியையும் இழந்த லாரா பிரிட்ஜ்மனுக்குக் கத்தி, கரண்டி, சாவி முதலிய பொருள்களில் மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, அப்பள்ளியின் இயக்குநர் சாமுவேல் கிரிட்லி ஹோவ் கற்பித்தார். 1837இல் அங்கு சேர்ந்த லாரா, பிற்காலத்தில் அதே பெர்கின்ஸ் பள்ளியில் படித்த சல்லிவனுக்குத் தோழியானார். சல்லிவன் ஹெலனுக்குக் கொண்டுவந்த பொம்மையின் ஆடையைத் தைத்தவரும் லாராதான்.

இனி மறுப்பைப் பற்றி. என் மாணவி கையைக் கடித்துக்கொள்வாள். தலையைச் சுவரில் மோதுவாள். அருகில் இருப்பவரின் முடியைப் பிடித்து இழுப்பாள். இவற்றை 'நடத்தைப் பிரச்சினை' என்ற தலைப்பில் எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கூர்ந்து கவனித்தால் ஒவ்வொரு கடிக்கும் முன்னால் ஒரு வரிசை இருந்தது. தம்ளர் உதட்டில் பட்டதும் முதலில் கழுத்து இறுகும். பிறகு முகம் லேசாகத் திரும்பும். பிறகு கை தம்ளரைத் தள்ளும். தள்ளியும் தம்ளர் திரும்பி வந்தால்தான் கடிப்பாள். மூன்று முறை பண்பாக 'வேண்டாம்' என்று சொன்ன குழந்தை நான்காவது முறை கத்துகிறது, அவ்வளவுதான். முகம் திரும்பியதுமே தம்ளரை எடுத்துவிட்டோம். அவள் கை தள்ளும் அசைவோடு சேர்த்து 'வேண்டாம்' என்ற சைகையை என் கைமேல் உணரவைத்தோம். சத்தான பானம் உள்ளே போகவில்லையே என்று அவளுடைய தாய் பட்ட கவலை நியாயமானது. அதை வேறு வேளையில், வேறு வடிவில் கொடுத்துக்கொள்ள முடிந்தது. கடிப்பது ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் முதல் 'வேண்டாம்' மதிக்கப்படும் என்று தெரிந்தபின் அவளுக்கு நான்காவது தேவைப்படுவது குறைந்துகொண்டே வந்தது. 'வேண்டாம்' என்று சொல்லும் ஆற்றலைக் கொடுக்காமல், 'வேண்டும்' என்ற சொல்லை மட்டும் கற்பிக்கும் பள்ளிகளை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு நாளும் பலர் கைபட்டுத் தூக்கவும் குளிப்பாட்டவும் படுகிற குழந்தைக்கு மறுப்புச் சொல்தான் முதல் பாதுகாப்பு.

இதற்குப் பின்னர் எந்த முறையில் செல்வது என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் மாறும். சிலர் சைகை மொழியைக் கைமேல் கை வைத்து உணர்ந்து கற்கிறார்கள். சிலருக்கு உள்ளங்கையில் விரலால் எழுத்தெழுதுவது ஒத்துவருகிறது. ஹீரோனிமஸ் லோர்ம் என்ற ஆஸ்திரிய எழுத்தாளர், தாமே செவியையும் பார்வையையும் இழந்த நிலையில், 1881இல் உள்ளங்கையின் புள்ளிகளையும் கோடுகளையும் எழுத்துகளாக வகுத்தார்; ஜெர்மன் பேசும் நாடுகளில் அது இன்றும் வழங்குகிறது. பேசுபவரின் உதட்டிலும் தாடையிலும் தொண்டையிலும் கைவைத்துப் பேச்சை உணரும் டடோமா முறையை இன்று கற்பவர்கள் மிகச் சிலரே. 2007இல் அமெரிக்காவின் சியாட்டிலில், செவியும் பார்வையும் இல்லாத பெரியவர்களே கூடி உருவாக்கிய புரோடாக்டைல் என் நம்பிக்கைக்கு உரியது. ஒருவர் பேசும்போது கேட்பவர் அவர் தொடையிலோ கையிலோ தட்டியும் அழுத்தியும் 'ஆம்', 'அப்படியா', சிரிப்பு முதலியவற்றை இடைவிடாமல் தெரிவிக்கிறார். பார்வையுள்ளவர்கள் முகக்குறிப்பால் செய்வதை அவர்கள் தொடுதலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிப் பேசும் பெரியவர் ஒருவரையாவது இந்தக் குழந்தைகள் சந்திக்கவேண்டும். பார்வையுள்ள ஆசிரியர்களாகிய நாங்கள் எவ்வளவு முயன்றாலும் தொடுதலை இரண்டாம் மொழியாகத்தான் பேசுகிறோம்.

எங்களிடம் வந்து நீண்ட காலம் ஆனபின், ஒருநாள் காலையில் அந்தச் சிறுமியின் தாய் வகுப்புக்கு விரைந்து வந்து சொன்னார்: "டீச்சர், நேத்து ராத்திரி தூங்கவே இல்ல. பையிலேருந்து அந்தக் கயித்தத் தேடி எடுத்துட்டு வந்து என் கையில வச்சா. அப்புறம் என் கையப் புடிச்சு ஆட்டிக்கிட்டே இருந்தா. வீட்டுல ஊஞ்சலே கிடையாதே டீச்சர், எதுக்குக் கேக்கறா?" ஊஞ்சல் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பகலில் ஊஞ்சல் ஆடியதை அம்மாவிடம் சொல்லியிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நானும் கையப் புடிச்சு ஆட்டினேன். ஆடினியா, நல்லா ஆடினியான்னு ஆட்டினேன். அப்புறம் கயித்த எங்கிட்ட குடுத்துட்டுப் படுத்துட்டா" என்றார். அந்தத் தாய்க்கு யாரும் பயிற்சி கொடுத்து வந்ததன்று அந்தப் பதில். கேட்டதாக எடுத்துக்கொண்டிருந்தால் 'இல்லை' என்று முடிந்திருக்கும். சொன்னதாக எடுத்துக்கொண்டதால் அது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய பேச்சாயிற்று. குழந்தை என்ன சொல்ல நினைத்தது என்பது தெளிவாகாதபோது, அதிகமான பொருளுள்ளதை எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்று அதற்குப் பின் எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவருகிறேன்.

இப்போது அவளிடம் முறையான சைகைகளும் அவளே ஆக்கிக்கொண்டவையும் கலந்து இருக்கின்றன. இரண்டாம் வகையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். ஒரே ஒரு ஆசிரியருக்கோ தாய்க்கோ மட்டும் புரிகிற மொழி, அவர் விடுப்பில் போகும் நாளில் ஊமையாகிவிடும். அடுத்த ஆண்டு அவள் வேறு வகுப்புக்குப் போகிறாள். புதிய ஆசிரியர் இப்போதே வாரத்தில் சில நாள்கள் வந்து, தம் விரலிலுள்ள அகன்ற மோதிரத்தை அவளுக்குப் பெயராகக் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து பழகுகிறார். குறிப்பேட்டை அவரும் நிரப்புகிறார். மணிக்கட்டைக் கன்னத்தில் தேய்த்தால் குளிர்கிறது, போர்வையைக் காட்டிக் கேட்கவும் என்று ஒரு வரி. தரையை உள்ளங்கையால் இருமுறை தட்டினால் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்கிறாள் என்று ஒரு வரி. சென்ற வாரம் அவர் எழுதிய வரியில், இரு கட்டைவிரல்களையும் ஒன்றோடொன்று உரசுகிறாள் என்று இருக்கிறது. பொருளுக்கான கட்டத்தில், 'தெரியவில்லை, பெரும்பாலும் மாலையில்தான் செய்கிறாள், அவளுடைய அப்பாவையும் வீட்டில் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்.